பைண்டிங்குக்குப் போன புத்தகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் ஆய்வு மாணவியிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் கேட்ட புத்தகம் என் வீட்டுப் பீரோவில் பூட்டியிருந்தது. "அது பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா" என்றேன். அந்த ஒரு வரியை நம்பி அவர் இரண்டு வருடம் உழைத்தார். முடிவில் அவருடைய ஆய்வேடு, 'இது ஏற்கெனவே செய்யப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த முந்தைய வேலை அச்சாகியிருந்தது நான் பூட்டி வைத்திருந்த அதே புத்தகத்தில்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதற்குள் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். பலர் அப்படி நினைத்துத்தான் எனக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி சில நாடுகளிலிருந்து மலைமலையாக வருகிறதே, நம் பக்கத்திலிருந்து ஏன் சொட்டுச் சொட்டாக வருகிறது? அப்போதும் இதே கேள்விதான். அதற்கு நான் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. நம்மிடம் நல்ல கணினி இல்லை. புத்தகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. அங்கே அச்சாகும் இதழ் கப்பலேறி இங்கே வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. ஒவ்வொன்றும் உண்மை. உண்மைகளை மட்டுமே பேசிக்கொண்டு ஒருவன் பொய்யனாக இருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

அன்றைய நிலைமை உங்களுக்குத் தெரியாது. மூளையைப் போல உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்கை ஓட்டத் தோதான கணினி எங்கள் துறையில் ஒன்றே ஒன்று இருந்தது. தூசி படக்கூடாது என்று அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கோயிலுக்குப் போகிற மாதிரி. கரண்ட் எப்போது போகும் என்பது அந்தச் சாமிக்கே தெரியாது. இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு, கரண்ட் போனதும் மண்ணாகிவிடும். மறுபடி முதலிலிருந்து.

துளசிமணி அந்த அறையில்தான் இருப்பார். வெள்ளகோவில் பக்கத்து ஊர்க்காரர். அப்பா இல்லை. அம்மா பிறர் தோட்டங்களில் கூலி வேலை செய்து படிக்க வைத்தார். எங்கள் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டே என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். குறித்த காலத்துக்குள் வராவிட்டால் வேலை போய்விடும். அவருக்கு வேறு வழி இல்லை.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான், காங்கேயத்தைத் தாண்டி. ஆள் விட்டு விவசாயம் பார்த்த குடும்பம். துளசிமணியின் அம்மா எங்கள் தோட்டத்தில் வேலை செய்ததில்லை. ஆனால் செய்திருக்கக்கூடும். ஆள் விட்டவர், கூலிக்குப் போனவர் என்ற இந்த வித்தியாசம் என் மனசில் எந்த வேலையும் செய்யவில்லை என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட வேலை நம் ஊருக்கு ஏற்றது. மில்லுக்கு வரும் பஞ்சைப் படம் பிடித்து, அதில் எது பஞ்சு, எது இலைத்தூசு, எது கொட்டைத்தோல் என்று கணினிக்குப் பிரித்தறியக் கற்றுக்கொடுக்க வேண்டும். நெட்வொர்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் அன்றைய வழக்கம். பிள்ளைகள் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே வகுப்பு நிறைய பெஞ்ச் வாங்கிப் போடுவது மாதிரி. துளசிமணி, "பிள்ளைங்க வர வர பெஞ்ச் போட்டா என்னங்க சார்?" என்றார். சின்னதாகத் தொடங்கி, தேவைக்கேற்பத் தானே வளரும் நெட்வொர்க். நல்ல யோசனை என்று அப்போதே தெரிந்தது. உலகத்தில் வேறு சிலருக்கும் அதே யோசனை வந்திருக்கலாம் என்பதும் ஒரு வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த இரண்டு தொகுதிகளும் வந்தன. வெளிநாட்டில் நடந்த ஒரு பெரிய நியூரல் நெட்வொர்க் மாநாட்டில் படிக்கப்பட்ட கட்டுரைகள் அத்தனையும் அவற்றில் இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். கல்லூரி முதல்வரின் காலைப் பிடித்து, தனி அனுமதி வாங்கி, வரவழைத்தது நான். வந்த அன்றே நூலகப் பதிவில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்போது நான்தான் துறைத் தலைவர், எனக்கு அந்த உரிமை உண்டு. ஒரு வாரம் வைத்திருப்பதாக எண்ணம்.

அன்று மாலையே முதல் தொகுதியைத் திறந்தேன். நாலாவது பக்கத்தில் எனக்குப் புரியவில்லை. அடுத்த கட்டுரைக்குப் போனேன். அதுவும் பாதிதான் புரிந்தது. நான் படித்தது பழைய கணிதம். இந்தத் துறைக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவன். இத்தனை நாள் இரண்டு பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஊருக்குள் நிபுணர் என்று பேர் வாங்கியிருந்தேன். துளசிமணி இதைப் படித்தால் என்ன ஆகும்? முதல் வாரமே சந்தேகங்களோடு வந்து நிற்பார். என்னால் பதில் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்துவிடும்.

அவ்வளவுதான் காரணம். பொறாமைகூட இல்லை. பயம்.

அவர் பத்து நாள் கழித்து வந்து கேட்டார். "சார், லைப்ரரில அந்த மாநாட்டுத் தொகுதி உங்க பேர்ல இருக்குதுன்னாங்க."

"அட்டை பிஞ்சிருந்துதும்மா. பைண்டிங்குக்குப் போயிருக்கு."

"சரிங்க சார்."

கப்பலில் வந்த புதுப் புத்தகத்துக்கு அட்டை பிய்ந்துவிட்டது என்றேன். அவரும் நம்பினார். நூலகத்தில் இல்லாத எந்தப் புத்தகத்துக்கும் எங்கள் கல்லூரியில் அதுதான் முகவரி. வேறு யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பார்கள். துளசிமணி அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு பைண்டிங் கடைக்கே போய்விட்டார்.

எங்கள் கல்லூரிப் புத்தகங்களைக் கட்டித் தருபவர் இப்ராஹிம் பாய். கோயம்புத்தூர் உக்கடத்தில் சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு கடை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதா பசை வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கட்டி முடித்த இதழ்களைக் கொடுக்க ஒரு நாள் அவர் கல்லூரிக்கு வந்தபோது என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், உங்க டிப்பார்ட்மெண்டுப் பொண்ணு ஒண்ணு கடைக்கு வந்துதுங்க. ஏதோ ரெண்டு பெரிய புஸ்தகமாம், எங்கிட்டக் கட்டறதுக்கு வந்துச்சாம். நான் கடையவே கவுத்துப் பாத்துட்டேன். வரவே இல்லீங்களே?"

"வரும் பாய்."

"எங்கிருந்துங்க வரும்?"

நான் மேசையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தின் முதுகைத் தடவியே அது எத்தனை பேர் கைபட்டது என்று சொல்லக்கூடிய மனிதர். என் மௌனத்தைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"அந்தப் பொண்ணு மறுபடி வந்தா, இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லிருங்க பாய்."

அவர் விரலில் காய்ந்திருந்த பசையைக் கொஞ்ச நேரம் உரித்தார். பிறகு, "சரிங்க" என்றார்.

மரியாதைக்குப் பேர்போன ஊர் நம்முடையது. திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த 'ங்க'வுக்குள் ஒரு பொய் எத்தனை வசதியாகக் குடியிருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். மாணவி எனக்குச் 'சரிங்க' சொன்னார். பாய் எனக்குச் 'சரிங்க' சொன்னார். துளசிமணி இன்னும் இரண்டு தடவை கடைக்குப் போய் வந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்கென்று எடுத்து வந்த தொகுதிகள் பீரோவிலேயே தங்கிவிட்டன. நாள் ஆக ஆகத் திருப்பிக் கொடுப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் வாரத்தில் கொடுத்திருந்தால் தாமதம். ஆறாவது மாதத்தில் கொடுத்தால் அது ஒப்புதல் வாக்குமூலம்.

தன் யோசனையைத் தானே செதுக்கி, வளரும் நெட்வொர்க்கைத் துளசிமணி உண்டாக்கிவிட்டார். கரண்ட் பிரச்சினைக்கும் ஒரு வழி பண்ணியிருந்தார். புதிதாக ஒரு பகுதி வளரும்போது, அதுவரை கற்றதைப் பத்திரமாகக் கட்டி வைத்துவிடும். கரண்ட் போய்த் திரும்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து கற்றுக்கொள்ளும். புதுப் பருவத்துப் பஞ்சு வந்தாலும் பழையது மறக்காது. ஆய்வேட்டில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் எழுதிக்கொண்டு வந்தார்.

"இதை எடுத்துடும்மா" என்றேன்.

"ஏனுங்க சார்? சரியாத்தானுங்க ஓடுது."

"ஓடுது. ஆனா ஃபாரின் எக்ஸாமினர் படிப்பாரு. எங்க ஊர்ல கரண்ட் இருக்காது, அதனால இப்படிப் பண்ணினோம்னு நம்ம வீட்டுக் கிழிசலை எதுக்கு அவருக்குக் காட்டறே?"

அவர் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார்.

ஆய்வேட்டை வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவருக்கும் அனுப்புவது அன்றைய வழக்கம். அவருடைய அறிக்கை ஒரு பக்கம்தான். வேலை சுத்தமாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் இதன் மையக் கருத்து இன்ன மாநாட்டுத் தொகுதியில், இன்ன பக்கத்தில் ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. மாணவி அதை அறியாதது வியப்பளிக்கிறது. ஏற்க இயலாது.

துளசிமணி என் அறையில் நின்றபடியே அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "அந்த பைண்டிங் புத்தகமுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். நான், "நம்ம ஊர் நிலைமை அப்படிம்மா" என்றேன். அப்போதும் அந்த இஸ்திரி போட்ட பதில்தான்.

இனி சொல்லப்போவது, நெருக்கடியில் ஒருவன் எடுக்கும் முடிவு எவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்பதைப் பற்றி.

அறிக்கை வந்த மூன்றாவது வாரம், கல்லூரியில் நான் ஒரு சொற்பொழிவு செய்ய வேண்டியிருந்தது. தலைப்பு, 'செயற்கை அறிவு ஆராய்ச்சியில் உலகமும் நாமும்.' அதற்காக மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து தயாரித்த ஒரு பெரிய வரைபடத்தை மேடையில் மாட்டினேன். எந்தெந்தப் பகுதியிலிருந்து எத்தனை கட்டுரை வருகிறது என்று வண்ணக் கட்டங்களில் காட்டியிருந்தேன். அமெரிக்கா பனைமர உயரம். ஐரோப்பா தென்னை. ஜப்பான் அதற்கடுத்து. நம் நாடு, காங்கேயத்துக் காட்டில் கோடையில் நிற்கும் கொழுக்கட்டைப் புல்.

நன்றாகப் பேசினேன். கை தட்டினார்கள். கடைசியில், பேர் சொல்லாமல், துளசிமணியின் கதையையே உதாரணமாகச் சொன்னேன். "நம்ம பிள்ளை ஒருத்தர் அவங்க கண்டுபிடிச்சதையே தானும் கண்டுபிடிச்சிருக்கார். மூளையில குறைவில்லை. நடுவுல கடல் இருக்கு. அந்தக் கடல்தான் நம்மைத் தோற்கடிக்குது" என்று முடித்தேன். முன்வரிசையில் துளசிமணி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் முதல்வர். துளசிமணி எழுந்தார்.

"ஒரு சந்தேகமுங்க சார். இந்த எண்ணிக்கையெல்லாம் எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்ததுங்க?"

ஆதாரம் குறிக்காமல் எதையும் காட்டக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வரைபடத்தின் கீழே சின்ன எழுத்தில் அந்த மாநாட்டின் பெயரை என் கையாலேயே எழுதியிருந்தேன். பழக்கம். யோசிக்கவே இல்லை.

"கீழே போட்டிருக்கேன் பாரும்மா."

"படிச்சேனுங்க சார். அது பைண்டிங்ல இருந்து வந்துருச்சுங்களா?"

பின்வரிசையில் யாரோ, "வந்துட்டா அதிசயந்தான்!" என்றார்கள். அரங்கமே சிரித்தது. நூலகத்தைப் பற்றிய கேலி என்று நினைத்துக்கொண்டார்கள். சிரிக்காமல் இருந்தது இரண்டு பேர்.

அந்தச் சிரிப்பு அடங்க ஆன நேரம் எனக்குக் கிடைத்தது. நாலைந்து வினாடி இருக்கும். 'இல்லை, அது என்னிடம்தான் இருந்தது' என்று சொல்ல அவ்வளவு நேரம் தாராளமாகப் போதும். நான் சொன்னது, "போன வாரம்தாம்மா வந்துது."

"சரிங்க சார்" என்று துளசிமணி உட்கார்ந்தார். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்தேன். தேர்வாளர் குறிப்பிட்டிருந்த பக்கத்தை எடுத்தேன். கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், அதற்குக் கீழே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முகவரி. முகவரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன டிக். என் டிக்.

வரைபடத்துக்காக இரண்டு தொகுதிகளிலும் ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தையும் திருப்பி, எந்த நாடு என்று பார்த்து, டிக் போட்டு எண்ணியிருந்தேன். துளசிமணியின் இரண்டு வருடத்தைக் காப்பாற்றக்கூடிய பக்கம் என் விரலுக்கடியில் இருந்திருக்கிறது. முகவரியைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை துளசிமணி வரவில்லை. விடுப்புக் கடிதம் வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு தொகுதிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கரூர் பஸ் ஏறினேன். வழி முழுக்க அந்தப் பை மடியில் கனத்தது. வெள்ளகோவிலில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன்.

அவருடைய அம்மா வாசலில் நின்றிருந்தார். "வாங்க சாமி, வாங்க" என்று பதறி, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டார்.

உள்ளிருந்து துளசிமணியின் குரல் வந்தது. "சாமியெல்லாம் வேண்டாம்மா. சார்னு சொல்லு."

"சரி, சாருங்க" என்றார் அம்மா. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்க சார், எம் புள்ள அத்தன நாள் உக்காந்து எழுதுச்சே, அது தப்புன்னு சொல்லிப்போட்டாங்களாமா?"

"தப்பில்லீங்கம்மா. உங்க பொண்ணு எழுதுனது சரிதானுங்க. அதுக்குக் குடுக்க வேண்டிய புஸ்தகத்த நான் குடுக்காம ஊட்ல ஒளிச்சு வெச்சுட்டேனுங்க."

கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் மரியாதை கீழிருந்து மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

அந்த அம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "புஸ்தகத்தப் போயி யாராச்சும் ஒளிச்சு வெப்பாங்களாங்க?" குத்திக்காட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

துளசிமணி வெளியே வந்து தொகுதிகளை வாங்கிப் புரட்டினார். "இந்த டிக் எல்லாம் என்னங்க சார்?"

"எந்த நாடுன்னு எண்ணுனதும்மா."

"எல்லாக் கட்டுரையிலயும் இருக்குதுங்களே."

"ஆமா."

"அப்ப எல்லாத்தையும் பாத்திருக்கீங்க."

"முகவரிய மட்டும்."

அவர் இன்னும் சில பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு டிக்காகப் பார்த்தார். தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே போனது. பிறகு நிதானமாகச் சொன்னார். "நீங்க படிச்சிட்டு எங்கிட்டக் குடுக்காம இருந்திருந்தாக்கூட எனக்கு இத்தன கோவம் வந்திருக்காதுங்க சார்."

நான் காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"எனக்கு வேற கைடு வேணுங்க."

"ஆகட்டும்மா."

"எடுக்கச் சொன்னீங்களே, அந்த கரண்ட் அத்தியாயம். அத நான் திரும்பச் சேத்துவேனுங்க."

"சேத்தும்மா. பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதறேன். ஆனா நீ திருப்பூருக்குப் போகாத."

"அத நான் பாத்துக்கறேனுங்க" என்றார். எனக்கு வேண்டிய பதில் அதில் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் கடிதத்தில் நூலக நடைமுறையின் குறைபாடுகள் இருந்தன. இரண்டாவதில் 'தவிர்க்க இயலாத சூழ்நிலை' இருந்தது. இரண்டையும் கிழித்தேன். மூன்றாவதில் மூன்று வாக்கியங்கள். குறிப்பிட்ட தொகுதிகள் என் வீட்டில் இருந்தன. மாணவி கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். தவறு வழிகாட்டியினுடையது, எனவே வேறு வழிகாட்டியின் கீழ் ஆய்வேட்டைத் திருத்திச் சமர்ப்பிக்க மாணவிக்கு அனுமதி தர வேண்டுகிறேன். தபால் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். போட்டுவிட்டால் என் பேர் போய்விடும். போடாவிட்டால் அந்தப் பேரோடு நான் வாழ வேண்டும். இரண்டில் எது கனம் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போட்டேன்.

புதிதாக ஆய்வு மாணவர்களை எடுக்கும் உரிமையைப் பல்கலைக்கழகம் சில வருடங்களுக்கு நிறுத்தி வைத்தது. துறைத் தலைமை வேறொருவருக்குப் போனது. துளசிமணிக்கு அனுமதி கிடைத்தது, வேலையையும் ஒரு வருடம் நீட்டித்தார்கள். அவர் திருப்பூர் போகவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். அந்த வருடங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

துளசிமணி இரண்டு தொகுதிகளையும் ஆறு வாரத்தில் படித்து முடித்தார். தனக்கு முன்பே அந்தக் கருத்தை வெளியிட்டிருந்த அமெரிக்கருக்கு, கரண்ட் அத்தியாயத்தின் நகலையும் வைத்து ஒரு கடிதம் எழுதினார். ஐந்து வாரத்தில் பதில் வந்தது, கூடவே ஒரு கட்டு கட்டுரைகளும். எங்கள் கணினிகள் நிற்பதே இல்லை, அதனால் இப்படி ஒரு கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை, இதுதான் உங்கள் ஆய்வேட்டின் மையமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எதை நான் கிழிசல் என்று மறைக்கச் சொன்னேனோ, அதைத்தான் அவர் புதிது என்றார்.

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பொட்டலம் ஐந்து வாரத்தில் வந்துவிட்டது. சாயிபாபா காலனியில் இருந்த என் பீரோவிலிருந்து கல்லூரிக்கு ஒரு புத்தகம் வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய இன்னொரு பதில் இது. கணினி, பணம், கப்பல் எல்லாம் உண்மைதான். அவற்றோடு என் பீரோவும் இருந்தது. என்னைப் போல எத்தனை பேர் எத்தனை பீரோவைப் பூட்டி வைத்திருந்தார்களோ, அதை எந்த வரைபடத்திலும் யாரும் கட்டம் போட்டுக் காட்டவில்லை. இன்னொன்றும் உண்டு. பனை எத்தனை உயரம், புல் எத்தனை உயரம் என்று அளந்த நான், மழையில்லாத காட்டில் புல் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்கவே இல்லை. துளசிமணி கேட்டார்.

என் பீரோவில் இருந்த புத்தகம், இதழ், நகல் எல்லாவற்றையும் துறையின் நடைபாதையில் ஒரு திறந்த அலமாரியில் கொண்டுவந்து அடுக்கினேன். பூட்டு இல்லை, பதிவேடும் இல்லை. சில காணாமல் போயின. போகட்டும் என்று விட்டோம். சனிக்கிழமை மத்தியானம் யாராவது ஒருவர் தான் படித்த கட்டுரை ஒன்றை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முதல் சனிக்கிழமை நான் சொன்னேன். பாதியில், "இதுக்கு மேல எனக்குப் புரியலைங்க" என்றேன். வானம் இடிந்து விழவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கும் ஒரு பெண் எழுந்து வந்து மீதியைக் கரும்பலகையில் விளக்கினார். இதற்குப் பயந்தா அத்தனையும் செய்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த நடைபாதையில் படித்தவர்கள் பின்னாளில் எழுதியவற்றின் முகவரியில் நம் ஊர்ப் பேர் இருக்கிறது. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உங்களிடம் இப்போது பீரோ இல்லை. எல்லாம் திரையில் இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் துறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் இன்னொருவரிடம், "டேட்டா இன்னும் க்ளீன் பண்ணி முடிக்கல, அப்புறம் தர்றேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையாகவே முடிக்காமல் இருக்கலாம். இருந்தாலும் எனக்கு மைதா பசை வாசனை அடித்தது.

இப்ராஹிம் பாயையும் போய்ப் பார்த்தேன். "என்னால நீங்க ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு பாய்" என்றேன்.

"ஆமாங்க சார். நாப்பது வருசத் தொழில்ல, வராத புஸ்தகத்த வந்துதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட மட்டுந்தான் சொல்லிப்போட்டேன்." கத்தியைத் துடைத்து வைத்தார். "அது எழுதறத எங்கிட்டவே கட்டறதுக்குக் கொண்டாரச் சொல்லுங்க. நல்லாக் கட்டிக் குடுக்கறேன். என் மனசுக்குச் சரியாப் போயிரும்."

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாயே ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார் என்று பிறகு தெரிந்தது.

திருத்திய ஆய்வேடு ஏற்கப்பட ஒன்றரை வருடம் ஆனது. அத்தனை நாளும் துளசிமணி என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பட்டம் உறுதியான வாரம், ஒரு மத்தியான வேளையில் என் அறைக்கு வந்தார். கையில் கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்ட ஒரு புத்தகம். பொன்னெழுத்துகள் நேர்கோட்டில், பசை எங்கும் பிதுங்காமல், பாய் தன் கைத்திறன் முழுவதையும் அதில் காட்டியிருந்தார். மேசைமேல் வைத்தார்.

"பைண்டிங்ல இருந்து வந்துருச்சுங்க சார்."

நான் தலை நிமிர்ந்தேன். அவர் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. மன்னிப்பு என்று அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அத்தனை வருடத்தில் என்னிடம் அவர் செய்த முதல் கேலி அது.

"எத்தன நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க. ஆனா படிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். தலைப்பு, துளசிமணியின் பெயர், வழிகாட்டி என்ற இடத்தில் வேறொருவர் பெயர், கீழே எங்கள் துறை, கோயம்புத்தூர். நன்றியுரையில் அவர் அம்மா பெயரும் இப்ராஹிம் பாய் பெயரும் இருந்தன. என் பெயர் இல்லை. இருக்கக் கூடாது.

பென்சில் கையில்தான் இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, முகவரியைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் படிக்கத் தொடங்கினேன்.